லெவல்காரரின் தூக்குப் பாலம்

பென்சில் துண்டை லிஃப்டின் நடுத்தரையில் செங்குத்தாக நிறுத்திவிட்டு அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு விரல் நீளம்கூட இல்லாத பென்சில். சீவிய முனையே கிடையாது, இரண்டு பக்கமும் தட்டை. பதினான்காவது மாடிக்குப் பொத்தானை அழுத்தியிருப்பார். நடுவில் ஏழாவது மாடியில் கதவு திறந்து யாராவது பையும் கையுமாக ஏற வந்தால், நரைத்த மீசைக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து பென்சிலை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று பின்வாங்கிவிடுவார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மேலே போய், கீழே வந்து, லிஃப்ட் நின்ற பிறகும் பென்சில் நின்றால்தான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். விழுந்துவிட்டால், "லெவல் வரல" என்பார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் படிக்கட்டுதான்.

இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் லெவல்காரர். அது அவருக்கும் தெரியும், வருத்தமும் இல்லை. சாப்பாட்டுக் கடையில் மேசை ஆடினால் காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். பசி அதுபாட்டுக்குக் காத்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இந்தக் காலத்து லிஃப்ட் கதவுக்குக் கண் இருக்கிறது. குறுக்கே ஆள் வந்தால் தானே விலகிக்கொள்ளும். அந்தக் கண்ணைப் பொருத்துகிறவரே இவர்தான். ஆனாலும் யாராவது ஏறினால் இறங்கினால், இவருடைய கை தானாகப் போய்க் கதவோரத்தில் நின்றுகொள்ளும். முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் வேலைமேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்று ஒருமுறை ஒரு மேனேஜர் கிண்டலாகக் கேட்டார். "நம்பிக்கை இல்லாம இல்ல சார். கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

வீட்டில் அவருக்கு ஒரு ரயில் இருக்கிறது. பொம்மை ரயில் என்று சொல்லிவிடாதீர்கள், முகம் தொங்கிப்போகும். மாதிரி ரயில். ஹாலை ஒட்டிய சின்ன அறையில் நாலு சுவரையும் ஒட்டி நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார். ஒரு ஸ்டேஷன், ஒரு சிக்னல் கம்பம், தண்ணீர்த் தொட்டி, பஞ்சில் செய்த மரங்கள், வண்டிக்காகப் பல வருடமாகக் காத்துக்கொண்டிருக்கும் சுண்டுவிரல் நகமளவு மனிதர்கள் ஏழு பேர். வட்டம் முழுசாக வேண்டுமென்றால் ரயில் வாசலைத் தாண்டியாக வேண்டும். ஆகவே வாசலுக்குக் குறுக்கேயும் ஒரு பலகை. அந்த அறைக்குள் ராஜாவே வந்தாலும் குனிந்துதான் வர வேண்டும்.

மனைவியின் அண்ணன் பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். தன் தொப்பையோடு பலகைக்கடியில் நுழைந்து, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, தான் இப்போது உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று மாப்பிள்ளையிடம் கேட்பார்.

மனைவிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இருந்ததில்லை. அவர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஊரே பதறிக்கொண்டு போன் செய்யும் இடத்தில் உட்கார்ந்து, ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு கோப்பை டீயோடு, சொட்டுச் சிந்தாமல், பலகைக்கடியில் சட்டென்று குனிந்து உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அப்புறம்தான் அந்த அறைக்கு உயிர் வரும். ஏனென்றால் அறிவிப்பு தொடங்கும்.

"அன்பான பயணிகளே. மூன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி, ஓட்டுநர் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பதால், எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது." ஆஸ்பத்திரியில் பேசும் அதே குரல். சிரிப்பின் சாயலே இருக்காது. அறையில் நடைமேடை என்னவோ ஒன்றுதான். ஆனால் அறிவித்துவிட்டால் அறிவித்ததுதான். லெவல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்வரை டீயைக் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வரும். கையளவு ரயில் ஓட, எதிர்ச்சுவரில் அதன் நிழல் நிஜ ரயில் அளவுக்கு நீண்டு ஓடும். இருவரும் ரயிலை விட்டுவிட்டு நிழலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எங்கே போகிறது என்று அவர் கேட்பார். "சாவிய மறந்துட்டு வந்தோமே, அந்த ஊருக்கு" என்பார் மனைவி. அப்படி ஒரு ஊர் இல்லை. அடுத்த நாள் வேறொரு ஊர், அதுவும் இருக்காது. நிழல் மூலையில் மடிந்து அடுத்த சுவருக்குப் போகும். வெயில் இறங்க இறங்க அது கூரைவரை ஏறி, கடைசியில் கரைந்துவிடும். அவருடைய நாளில் அதுதான் ருசியான அரைமணி நேரம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்கூட.

பிறகு மனைவிக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு அறிவிப்பும் நின்றது. ரயில் ஓடிற்று. அவர் உள்ளே, மனைவி ஹாலில் சோபாவில், இடையில் ஒரு பலகை. இதற்குப் போய் இவ்வளவு யோசனையா, அந்தப் பலகையைக் கழற்றிப் போட்டால் தீர்ந்தது என்று மச்சான் சொன்னார். லெவல்காரரும் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார். தடுத்தது மனைவிதான். "சுத்தி வராத வண்டியப் பாக்க நான் எதுக்கு அங்க வரணும்?" என்றார்.

வாசலில் ஒரு தூக்குப் பாலம் போடுவதென்று லெவல்காரர் முடிவு செய்தது அப்போதுதான். பொத்தானை அழுத்தினால் பலகை தண்டவாளத்தோடு மேல்சட்டம்வரை ஏறிக்கொள்ளும், ஆள் நிமிர்ந்து வரலாம், பிறகு இறங்கி வந்து பொருந்திக்கொள்ளும். பெரிய ஆறுகளில் கப்பல் போவதற்கு அப்படித்தான் செய்வார்கள் என்று மனைவியிடம் விளக்கினார்.

"நான் என்ன கப்பலா?" என்றார் மனைவி.

ஆமாம் என்று அவர் தலையாட்டினார். விளையாட்டுக்குத் தலையாட்டவில்லை.

பழைய காரின் வைப்பர் மோட்டார் ஒன்று கிடைத்தது. லிஃப்டில் இருப்பது போலவே பாலத்துக்கும் எதிர் எடை வேண்டும். அப்போதுதான் மோட்டார் திணறாது. வீட்டில் சாவி தொலைந்த பூட்டுகள் பதினொன்று சேர்ந்திருந்தன. அவற்றை எடை பார்த்து, ஆறும் ஐந்துமாகப் பிரித்து வாசலின் இரு பக்கமும் கயிற்றில் தொங்கவிட்டார். மேலே போய் நிற்க ஒரு சுவிட்ச், கீழே வந்து நிற்க ஒரு சுவிட்ச். பாலம் மேலே இருந்தால் ரயிலுக்கு மின்சாரம் போகாது. ரயில் பக்கத்தில் வந்துவிட்டால் பாலம் அசையாது. இதையெல்லாம் நினைவில் வைத்து நடத்த, தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுச் சில்லு. லிஃப்டுக்கு என்னென்ன கற்றுக்கொடுப்பாரோ அத்தனையையும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்.

பாலம் மூன்றே வாரத்தில் ஏறி இறங்கிவிட்டது. பென்சில்தான் விழுந்துகொண்டே இருந்தது. கிளம்பும்போது ஒரு சின்னக் குலுக்கல், நிற்கும்போது ஒரு சின்னத் தட்டல். தண்டவாளம் தண்டவாளத்தோடு சேருமிடத்தில் மயிரிழை ஏற்ற இறக்கம். மோட்டார் மெல்லத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, முடிவில் மறுபடி மெல்ல அடங்க வேண்டும். அதற்கே இரண்டு மாதம் போயிற்று. சத்தமே கூடாது என்று பல்சக்கரத்துக்கு மெழுகு போட்டார், கயிற்றுக்குத் துணி சுற்றினார். "உங்க பாலம் ரெடியாறதுக்குள்ள எனக்கு இடுப்பே சரியாயிடும்போல" என்று சோபாவிலிருந்து ஒரு நாள் குரல் வந்தது. வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் முழுதும் வேடிக்கை இல்லை. இவர் காதில் விழுந்தது. விழுந்தும், லெவல் வரவில்லையே, என்ன செய்வார் மனுஷர்.

விடுமுறை மத்தியானங்களில் வேலை நடுவே முக்காலியில் கண் அயர்ந்துவிடுவார். அப்போது ஹால் முழுக்கத் தண்ணீராகிவிடும். சோபா மெதுவாக மிதந்து வரும். மனைவி அதன்மேல் இரண்டு கோப்பை டீயோடு உட்கார்ந்திருப்பார், டீ சிந்தாது. பாலம் தானாக உயரும், சோபா உள்ளே வரும், சுவரில் நிழல் ரயில் நின்று வழி விடும். விழித்துப் பார்த்தால் கையில் திருப்புளி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சில் நின்றது. பாலத்தின் நட்டநடுவில், மேலே போய்க் கீழே வந்தும் நின்றது. அன்றைக்கே திறப்பு விழா. மச்சான் முதலில் உள்ளே போய் இடம் பிடித்துக்கொண்டார், அதுவும் நிமிர்ந்த நடையில். அடுத்தது மனைவி. பாலம் பூனை எழுந்திருப்பது போல ஓசையில்லாமல் மேலே போயிற்று. அவர் வாக்கரை நகர்த்தி, ஒரு அடி, இரண்டு அடி வைத்து வாசலுக்கு நேர் கீழே வந்தார். அப்போது மின்சாரம் போயிற்று. உடனே வந்தது. கண் இமைக்கும் நேரம்தான்.

பாலம் இறங்கத் தொடங்கியது. அத்தனை பாடுபட்டு அவர் கொண்டுவந்த மௌனத்தோடு, அத்தனை மென்மையாக இறங்கியது. மனைவிக்குத் தெரியவே இல்லை. உச்சந்தலையில் பட்ட பிறகுதான் தெரிந்தது. அவரால் குனிய முடியாது, குனியக் கூடாது. வாக்கரோடு சட்டென்று பின்னால் போகவும் முடியாது. பலகை தலையை அழுத்த, அவர் கண்ணை அகல விழித்து நேராகவே நின்றார். லெவல்காரர் பாய்ந்து இரண்டு கையாலும் பலகையைத் தாங்கிக்கொண்டார். மச்சான் பிளக்கைப் பிடுங்கினார். அது ஸ்டேஷன் விளக்கின் பிளக். மறுபடி ஒன்றைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது.

அடி எதுவும் இல்லை. கொண்டை கலைந்ததோடு சரி. மனைவி திட்டவும் இல்லை, அழவும் இல்லை. வாக்கரைத் திருப்பிக்கொண்டு, "நான் ஹால்லயே இருக்கேங்க" என்றார். ஆஸ்பத்திரியில் போனை எடுத்துப் பேசும் குரலில் சொன்னார். கத்தியிருந்தால்கூட லெவல்காரர் தாங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு ஒயராவது கழன்றிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கிப் போனார். எதுவும் கழலவில்லை. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருந்தது. மின்சாரம் போய் வந்தால் லிஃப்டுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. ஆகவே பொறுமையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். உள்ளே இருக்கிறவருக்கு அதுதான் பத்திரம். இருபத்தொன்பது வருடமும் அவருக்கு ஆள் என்றால் உள்ளே இருக்கிற ஆள்தான். அடியில் ஆள் இருப்பார் என்பது புத்திக்குத் தெரிந்திருந்தது, விரலுக்குத் தெரியவில்லை. விரல் பழைய பாடத்தையே எழுதிவிட்டது. பாலம் சொன்ன பேச்சைக் கேட்டது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் அந்த அறைப் பக்கமே அவர் போகவில்லை. வேலைக்குப் போகிற இடங்களில் கதவோரத்தில் நிற்கும் கை, எல்லோரும் ஏறி முடித்த பிறகும் அங்கேயே நின்றது. "அண்ணே, கையை எடுங்க, கதவு மூடணும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில்லில் எழுதியதையெல்லாம் அழித்தார். இனி மின்சாரம் போய் வந்தாலும் பாலம் நின்ற இடத்தில்தான் நிற்கும். பொத்தானில் விரல் இருக்கும்வரைதான் நகரும். விரல் எடுத்தால் அந்தரத்திலேயே நின்றுவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு இரும்புக் கொக்கி வந்து அதைக் கவ்விக்கொள்ளும். கடைசியாக, குழந்தைகள் சைக்கிளில் இருக்கும் மணி ஒன்றை வாங்கி வந்து, மோட்டார் ஒவ்வொரு சுற்றுக்கும் அதைத் தட்டும்படி செய்தார். சத்தத்தைக் கொல்வதற்கே வாழ்நாளைச் செலவழித்தவர் காசு கொடுத்துச் சத்தம் வாங்கினார். மணி தட்டும்போதெல்லாம் பாலத்தில் பென்சில் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவியை அவர் கூப்பிடவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

சோபாவிலிருந்து மனைவி பார்த்தபோது, கணவர் வாசலில், தூக்கிய பாலத்துக்கு நேர் கீழே, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கொக்கியைக் கழற்றியிருந்தார். தரையில், பாலத்துக்கு மின்சாரம் போகும் சுவிட்ச் பெட்டி. கால் கட்டைவிரலால் அதை அணைப்பார், போடுவார். தலைக்குமேல் ஒன்றும் நடக்காது. மறுபடி அணைப்பார், போடுவார். வெகுநேரம் இது நடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"பாக்கறேன்."

"என்னத்த?"

"அது வருதான்னு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இருநூத்திப் பதினாறு தடவ ஆச்சு. வரல."

மனைவி வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அதைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. அவர் உள்ளே சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார், சும்மா, கண் எங்கோ இருக்க. ஹாலில் வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் ஊன்றி ஊன்றி வரும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பலகைக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்கிறார். பலகைமேல் தெரிந்தது தோளும் முகமும்தான். லெவல்காரர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். பாலம் அசையவில்லை. அசையாதே, சரக்கு வண்டி பாலத்தை நெருங்கிவிட்டதே. வண்டியைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் என்று ஓடினார்.

"விடுங்க" என்றார் மனைவி. "அது போகட்டும்."

வண்டி வந்தது. பதினெட்டுப் பெட்டிகள். மனைவியின் முகவாய்க்குக் கீழே, மிக அருகில், ஒவ்வொன்றாகக் கடந்தன. அவர் ஒவ்வொரு பெட்டிக்கும் கண்ணைத் திருப்பி அனுப்பிவைத்துக்கொண்டே நின்றார். எதிர்ச்சுவரில் நிழல் வண்டி ஊர்ந்தது. அதன் நடுவே அவருடைய தலையின் நிழலும் ஒரு பெட்டி மாதிரி நின்றது. கடைசிப் பெட்டி போனதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பான பயணிகளே. தூக்குப் பாலத்தை ஒரு கப்பல் கடக்க இருப்பதால் எல்லா வண்டிகளும் நிறுத்தப்படுகின்றன. கப்பலுக்கு இடுப்பு சரியில்லை. தயவுசெய்து யாரும் அவசரப்படுத்த வேண்டாம்."

லெவல்காரர் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், அப்படியும் சரியாகத் தெரியவில்லை. பொத்தானில் விரலை வைத்தார். மணி தட்டிக்கொண்டே பாலம் மேலே போயிற்று. டக் என்று கொக்கி கவ்விக்கொண்டது.

வழி திறந்துவிட்டது. மனைவி நகரவில்லை. வாய்தான் கப்பல் என்று அறிவித்ததே தவிர, கண் மேலே பலகையில் இருந்தது, வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கொக்கியைப் பற்றி லெவல்காரர் சொல்லியிருக்கலாம். புதிதாக எழுதியதைப் பற்றி, இருநூற்றுப் பதினாறைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் வாசலோரம் போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, உள்ளங்கைகளைப் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வாக்கர் நகர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பாலத்துக்கு நேர் கீழே வந்ததும் மனைவி நின்றார்.

"கொக்கிதான் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு."

"கரண்ட் போனாலும் வராதுல்ல?"

"வராது."

மனைவி நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றுக்குக் கீழே மெதுவாக நடந்து உள்ளே வந்து, வாக்கரை ஓரமாக நிறுத்தி, பாலத்து வேலையில் படிந்திருந்த மரத்தூளை விரலால் தட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். வெயில் கூரைக்கு ஏறத் தொடங்கியிருந்தது. இனி வண்டியைக் கிளப்பலாம் என்று சொல்லத் திரும்பினார். லெவல்காரர் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையும் பலகைக்கு அடியில்.